24 வாரமும் ஒரு கோடு போட்ட குறிப்பேடும்: நான் முடித்த நீரிழிவுப் பயிற்சி வகுப்பு

எனக்கு வயது 56. நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு வரை நாற்காலிதான். எதைச் சாப்பிட வேண்டும், எதைத் தொடக் கூடாது, எவ்வளவு நடக்க வேண்டும் என்று இந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. மருத்துவர் சொன்னார், உறவினர்கள் சொன்னார்கள், பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அச்சுக்கு வந்த இரண்டு நீரிழிவு நூல்களுக்கு நானே எழுத்தெண்ணி மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்தும் இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் என் எச்பிஏ1சி 8.9-இல் நின்றது.

அதனால், உணவுப் பழக்கத்தையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொள்ள உதவும் 24 வாரப் பயிற்சி என்று மருத்துவர் ஒரு துண்டுத்தாளை நீட்டியபோது எனக்கு ஆர்வம் எழவில்லை. அதே பாடத்தை மறுபடியும் கேட்க வேண்டுமா என்றுதான் நினைத்தேன். அவர் வற்புறுத்தியதால் சேர்ந்தேன். இப்போது முடித்துவிட்டேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக நல்லதையும் குறையையும் எழுதுகிறேன். மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்படிப்பட்ட வகுப்புகள் பல இடங்களில் நடக்கின்றன. எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதல் 16 வாரம் வாரத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மொத்தம் 20 அமர்வுகள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். நடத்தியவர்கள் மூவர்: நீரிழிவுக் கல்வியில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், உணவியல் நிபுணர் ஒருவர், உடற்பயிற்சியாளர் ஒருவர். நாங்கள் 11 பேர் சேர்ந்தோம், 8 பேர் முடித்தோம். 16 அமர்வு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடத்தி 2002-இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் அப்படித்தான் கற்பித்தார்கள் என்றார் செவிலியர். உணவு, உடற்பயிற்சி மாற்றம் செய்த குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். "அது நோய் வராதவர்களுக்குத்தானே, எங்களுக்கு வந்தாகிவிட்டதே?" என்று கேட்டவர் விடவில்லை. செவிலியர் மழுப்பாமல், "ஆமாம், அது வருவதற்கு முன்பு செய்தது. அங்கிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது கற்பிக்கும் முறையை மட்டும்தான்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அடுத்த வாரமும் போனேன்.

முதல் நாள் எங்களுக்கு ஒரு அறிவுரைகூடச் சொல்லப்படவில்லை. வட்டமாக உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டார்கள்: "இந்த நோயோடு வாழ்வதில் உங்களை மிகவும் களைப்படைய வைப்பது எது?" ஊசி என்றார் ஒருவர். கண் போய்விடுமோ என்ற பயம் என்றார் இன்னொருவர். ஓர் இளம்பெண் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான்தான் வரவழைத்துக்கொண்டேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்" என்றாள். என் முறை வந்தபோது, சாப்பிடும்போது மற்றவர்கள் என் தட்டைப் பார்ப்பது என்று சொன்னேன். சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. ஒன்பது ஆண்டுகளில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இரண்டாம் வாரம் ஆளுக்கொரு கோடு போட்ட குறிப்பேடு கொடுத்தார்கள். இந்தப் பயிற்சியின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நான்கு கட்டங்கள்: சாப்பிடுவதற்கு முன் சர்க்கரை அளவு, என்ன சாப்பிட்டேன், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேளை உணவைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் அளந்தால் போதும். எதையும் மாற்றக் கூடாது, வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

அளக்கும் விதத்தையும் பொறுமையாகக் கற்றுத்தந்தார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால், தோலில் ஒட்டியிருக்கும் பழச்சர்க்கரையும் கருவிக்குள் போய் இல்லாத உயரத்தைக் காட்டிவிடும். செவிலியர் அதைத் தன் விரலிலேயே செய்து காட்டினார். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். மெய்ப்புத் தாளைப் புரட்டுகிற விரலுக்கு இது பெரிய உதவி. ஒன்பது ஆண்டுகளாக நான் நட்டநடுவில் குத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் ஆய்வகக் கருவி ஆகாது. உலகத் தர விதியே, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை ஏறக்குறையக் காட்டுவதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நேற்று 183, இன்று 191 என்று மனம் உடைய வேண்டியதில்லை. 150-க்கும் 260-க்கும் உள்ள தூரத்தைத்தான் பார்க்க வேண்டும். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ காலைப்பொழுதுகள் அழாமல் கழிந்திருக்கும்.

நான் காலை உணவை எடுத்துக்கொண்டேன். அதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்: முழுதானியக் கஞ்சி ஒரு கிண்ணம், வீட்டில் பிழிந்த பழச்சாறு ஒரு குவளை. சர்க்கரை ஒரு துளி சேர்ப்பதில்லை. முதல் நாள் 148-இல் தொடங்கி 261. மறுநாள் 139-இலிருந்து 247. மூன்றாம் நாள் 151-இலிருந்து 266. மூன்று நாளும் நூறுக்கு மேல் ஏற்றம். நான் பயந்து பயந்து சாப்பிட்ட இரவு உணவை ஆர்வத்தில் ஒரு நாள் அளந்தேன்: 137-இலிருந்து 172. பயந்த இடத்தில் ஒன்றும் இல்லை, நம்பிய இடத்தில்தான் ஓட்டை இருந்தது.

அடுத்த அமர்வில் இந்தப் பக்கத்தைச் செவிலியரிடம் நீட்டினேன். அவர் பழச்சாற்றை நிறுத்துங்கள் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. குறிப்பேட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, அம்மா?" என்று கேட்டார். சாறுதான் காரணமாக இருக்குமோ என்றேன். "எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் சாற்றுக்குப் பதிலாக அதே பழத்தில் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டேன், கஞ்சியைப் பாதியாக்கி ஒரு வேகவைத்த முட்டை சேர்த்தேன். 144-இலிருந்து 189. அந்த எண்ணைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. யாரும் சொல்லாமல் நானே கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு பழச்சாறு பக்கம் நான் போகவில்லை, போகக் கூடாது என்று யாரும் தடுக்கவும் இல்லை.

காலை வெறும்வயிற்றிலேயே 140-க்கு மேல் ஏன் இருக்கிறது, இரவில் நான் ஒன்றும் சாப்பிடுவதில்லையே என்று கேட்டேன். விடியும் நேரத்தில் உடல் எழுவதற்குத் தயாராகும்போது கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யும் உடலில் அது அடங்கிவிடும், நம் உடலில் அடங்குவதில்லை என்று விளக்கினார். இரவில் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறேனா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த விளக்கத்தை வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

உணவியல் நிபுணரின் வகுப்புகளில் எனக்குப் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. பிடித்தது தட்டு முறை. தட்டில் பாதி மாவுச்சத்துக் குறைந்த காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியமோ கிழங்கோ. எடை போட வேண்டாம், எண்ண வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் அதே உணவுக்கே சர்க்கரை குறைவாக ஏறும் என்று சொன்னார். அதையும் நம்பச் சொல்லவில்லை, அளந்து பாருங்கள் என்றார். என் உடலில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. இரண்டையும் பலகையில் எழுதினார், அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது ஐந்தாம் வாரம். தராசு, கலோரி அட்டவணை, நான்கு பக்கத்துக்கு உணவுப் பட்டியல் என்று ஒரே நாளில் கொட்டினார்கள். அதற்கு அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை, பிறகும் வரவில்லை. அவர்களில் ஒருவர் கூட்டல் கழித்தலுக்கே மகனைக் கேட்பவர். தட்டு முறை அவருக்குப் போதுமானதாக இருந்தது, அட்டவணை அவரைத் துரத்திவிட்டது. இதை நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

உடற்பயிற்சிப் பகுதிக்கு நான் அஞ்சியபடிதான் போனேன். முழங்கால் வலி உண்டு, வேகமாக நடந்ததே இல்லை. பயிற்சியாளர் முதலில் ஒரு நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். எனக்கு 9. "இதுதான் உங்கள் தொடக்கம், வேறு யாருடனும் ஒப்பிட வேண்டாம்" என்றார். 10,000 அடி நடக்க வேண்டுமாமே என்று யாரோ கேட்டதற்கு, அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவர்கள் வகுத்தது இல்லை என்று விளக்கினார். எனக்கு ஒரு நாளைக்குச் சராசரி 3,100 அடி இருந்தது. 4,000 ஆக்குவோம், அது நிலைத்த பிறகு மேலே பேசுவோம் என்றார்.

அவர் சொன்னவற்றில் என் வாழ்க்கையை மாற்றியது சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரை ஒரு கட்டத்தில் நாள்தோறும் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடமும், இன்னொரு கட்டத்தில் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடமும் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். உணவுக்குப் பின் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்திருந்தது, இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம். காரணமும் சொன்னார்: தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். என் இன்சுலின் சோம்பேறியாக இருந்தாலும் என் தொடை வேலை செய்யும் என்று நான் புரிந்துகொண்டேன். மாற்றிய காலை உணவோடு பத்து நிமிட நடையும் சேர்ந்தபோது 141-இலிருந்து 166-க்குத்தான் போனது.

நடப்பேன் என்று சொன்னால் போதாது. எதற்குப் பிறகு, எந்த இடத்தில் என்று ஒரே வாக்கியத்தில் எழுதித்தர வேண்டும் என்றார்கள். நான் எழுதியது: "மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்ததும், கிடங்குக்குப் போகும் நடைவழியில் எட்டு முறை போய்வருவேன்." கழுவிய டப்பா கவிழும்போது இப்போது கால் தானாகத் திரும்புகிறது. அரை மணிக்கு ஒரு முறையாவது எழ வேண்டும் என்பதையும் வேலையோடு கட்டிக்கொண்டேன். 16 பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். ஒரு பாரத்தை உட்கார்ந்து படித்தால் அடுத்த பாரத்தைக் காகிதக்கட்டு அடுக்கிய உயர மேசையில் நின்றுகொண்டே படிக்கிறேன். நின்று படிக்கும்போது பிழைகள் அதிகமாகக் கண்ணில் படுகின்றன என்பது எனக்கு வியப்பு. 16-ஆம் வாரம் அதே நாற்காலியில் 30 நொடியில் 15 முறை எழுந்தேன்.

பிழை என்றதும் நினைவுக்கு வருகிறது, இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான்காம் வாரம் கொடுத்த தாளில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை "180-க்கு மேல்" இருக்க வேண்டும் என்று அச்சாகியிருந்தது. "கீழ்" என்று இருக்க வேண்டிய இடம். ஒரு சொல்தான். அதை நம்பி ஒருவர் மகிழ்ந்துகொண்டே கண்ணையும் சிறுநீரகத்தையும் இழக்கலாம். மேசையில் இருந்த தாள்கள் அத்தனையிலும் அதே பிழை. சிவப்பு மையால் வட்டமிட்டுச் செவிலியரிடம் கொடுத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. வகுப்பை நிறுத்தி, எல்லாரையும் பேனா எடுக்கச் சொல்லித் திருத்த வைத்தார். முந்தைய குழுக்களுக்குக் கொடுத்த தாளிலும் இது இருக்கிறதா என்று அன்றே தேடினார்கள். மறுவாரம் திருத்தி அச்சிட்ட தாள் வந்தது. பிழையை மறைக்காத இடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நோயாளி கைக்குப் போகும் தாளை அச்சுக்கு முன் இரண்டு பேர் படிக்க வேண்டும் என்பதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மூன்றாம் வாரம், நாற்காலிப் பயிற்சி முடிந்து சில நிமிடங்களில், எங்கள் குழுவின் மூத்தவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. என்ன கேட்டாலும் எரிச்சலோடு, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்த விரல்கள் பொத்தானைப் பிடிக்க முடியாமல் தவித்ததை நான் பார்த்தேன். செவிலியர் ஓடிவந்து விரலில் குத்தினார்: 58. உடனே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் காத்திருந்து மீண்டும் அளந்தார்: 92. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த மூத்தவர், கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர். வகுப்பில் கேட்டதை வைத்து அன்று காலை உணவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்திருந்தார். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிற எனக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலினும் இந்த வகை மாத்திரையும் எடுப்பவர்களுக்கு, மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு உணவைக் குறைத்து உடற்பயிற்சியைக் கூட்டினால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடக்கூடும்.

செவிலியர் சரியாகச் செயல்பட்டார், அதில் குறை இல்லை. ஆனால் தாழ்சர்க்கரை பற்றிய பாடம் அவர்கள் அட்டவணையில் ஏழாம் வாரம் இருந்தது. உடற்பயிற்சி மூன்றாம் வாரமே தொடங்குகிறது! யார் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பது அவர்கள் கோப்பில் இருந்தது. சேர்ந்த அன்றே அந்தப் பாடத்தை நடத்தியிருக்க வேண்டும், அப்படிப்பட்ட மருந்து எடுப்பவர்களைத் தங்கள் மருத்துவரிடம் அளவைப் பற்றிப் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒன்றில் நான் சமாதானம் ஆகவில்லை.

ஆறாம் வாரம் மருத்துவர் ஒருவர் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நோய் முற்றிலும் போய்விடுமா என்று இளம்பெண் கேட்டாள். பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார்: நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரிக்குள் மட்டுமே தரும் உணவை மூன்று முதல் ஐந்து மாதம் மருத்துவக் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டு எடை குறைத்தவர்களில், ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமலே நீரிழிவு வரம்புக்குக் கீழே இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள் என்பதையும் சொன்னார். எனக்கு ஒன்பது ஆண்டு. அந்தக் கணக்கில் நான் இல்லை என்று கேட்டபோது மனம் வலித்தது, ஆனால் சொல்லாமல் மறைத்திருந்தால் இன்னும் வலித்திருக்கும். இப்படி மாறினால் மாரடைப்பைத் தடுக்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். 5,145 நீரிழிவு நோயாளிகளை வைத்து, உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க அமெரிக்காவில் 2001-இல் தொடங்கிய பெரிய ஆய்வு, இதயநோய் குறையவில்லை என்பதால் 2012-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் எடை, சர்க்கரை, உடல்திறன் எல்லாம் மேம்பட்டன, மருந்துத் தேவையும் குறைந்தது என்றார். விற்க வந்தவர் இப்படிப் பேசமாட்டார்.

இனி என் சரிவைப் பற்றி. 11-ஆம் வாரம் என் அக்கா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 17 நாள் பகலில் அச்சகம், இரவில் அக்காவின் கட்டிலருகே நாற்காலி. கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் சாப்பிட்டேன். ஓர் இரவு அளந்தபோது 294. அதற்குப் பிறகு கருவியை எடுக்கவே இல்லை. 14-ஆம் வாரம் வகுப்புக்குப் போனபோது என் குறிப்பேட்டில் ஐந்து பக்கம் வெறுமையாக இருந்தது. வாசல் வரை வந்து திரும்பிவிடலாம் என்று நின்றேன்.

செவிலியர் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. "இந்த நாட்களில் நீங்கள் விடாமல் செய்த ஒன்று என்ன?" என்று கேட்டார். வெகுநேரம் யோசித்து, மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை என்றேன். பிறகு, மருத்துவமனை வராந்தாவில் இரவு பத்து நிமிடம் நடந்ததும் நினைவுக்கு வந்தது. அவர் அந்த இரண்டையும் வெற்றுப் பக்கத்தில் என் கையாலேயே எழுதச் சொன்னார். "மறுபடி தொடங்க முடியும் என்ற நம்பிக்கை உங்களுக்குப் பத்துக்கு எவ்வளவு?" என்றார். நான்கு என்றேன். "ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?" என்றார். ஏன் ஏழு இல்லை என்று கேட்டிருந்தால் என் குறைகளைப் பட்டியல் போட்டிருப்பேன். இரண்டு ஏன் இல்லை என்றதும், முடியும் என்பதற்கான காரணங்களை என் வாயே சொல்லத் தொடங்கியது: காலை உணவு எனக்கு இப்போது பழகிவிட்டது, நடைவழி அங்கேயேதான் இருக்கிறது, அக்கா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. இந்தக் கேட்கும் முறை, குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது என்று பின்னொரு நாள் தெரிந்துகொண்டேன். எங்கிருந்து வந்தாலும், அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் 15-ஆம் வாரம் போயிருக்கமாட்டேன்.

குடும்பத்தாருக்கென்று ஓர் அமர்வு இருந்தது. ஒன்றே ஒன்று, அது போதாது. என் கணவர் வந்திருந்தார். என் மேல் உள்ள அக்கறையில், நான் எதை எடுத்தாலும் "இதை நீ சாப்பிடலாமா?" என்று கேட்பது அவர் வழக்கம். பொது இடத்திலும் கேட்பார். வீட்டில் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதச் சொன்னார்கள். அவர் அதையே எழுதினார். கேட்கும்போது எப்படி இருக்கிறது என்று என்னை எழுதச் சொன்னார்கள். "திருடியைப் போல" என்று எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார், ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் கைகழுவிவிட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். "வா, பத்து நிமிடம் போய்வருவோம்" என்றார். அன்றிலிருந்து பெரும்பாலான இரவுகளில் இருவரும் நடக்கிறோம்.

அவர்களுடைய கைப்பேசிச் செயலியை எனக்குப் பிடிக்கவில்லை. 180-ஐத் தாண்டினால் எண் சிவப்பாகிறது. நாளெல்லாம் சிவப்பு மையோடு வாழ்கிற எனக்கு அந்த நிறம் என்ன சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. தட்டைப் படம் எடுக்கும் வசதி மட்டும் நல்லது. உணவியல் நிபுணர் படத்தைப் பார்த்து மறுநாளே பதில் எழுதுவார். குறிப்பேடு இருக்கும்போது செயலி கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை என்பது நிம்மதி. எடை பார்க்கும் மேடையை வகுப்பறைக்குள் எல்லார் கண்ணெதிரே வைத்திருந்தார்கள். மூன்றாம் வாரமே அந்த இளம்பெண் எதிர்ப்புச் சொன்னாள், உடனே பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

24-ஆம் வாரம் என் எச்பிஏ1சி 7.3. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் இந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதையைச் சொல்லும். ஆகவே அக்கா படுத்திருந்த நாட்களின் பங்கும் இதில் கொஞ்சம் இருக்கலாம். எடை 71.4-இலிருந்து 67.3. மாத்திரை குறையவில்லை, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்றார் மருத்துவர். மாத்திரை நின்றுவிடும் என்ற எண்ணத்தோடு யாராவது சேர்ந்தால் ஏமாறக்கூடும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாமல், தன்னையே நொந்துகொண்டிருப்பவர்கள் சேருங்கள் என்று இரு கை நீட்டிச் சொல்வேன்.

சேரும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தாழ்சர்க்கரைப் பாடம் எந்த வாரம்? என் மருந்துகளைப் பார்த்துவிட்டுத்தான் உடற்பயிற்சி தொடங்குவீர்களா? 24 வாரம் முடிந்த பிறகு என்ன? மூன்றாவது கேள்விக்கு எங்கள் மையத்தில் பதில் இல்லை. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்கள், கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். ஒன்பது ஆண்டுப் பழக்கத்தை ஆறு மாதத்தில் மாற்றிய ஒருவரை அப்படி வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. நாங்கள் எட்டு பேரும் கையெழுத்திட்டு, மாதம் ஒரு முறையாவது கூட அனுமதிக்க வேண்டும் என்று கடிதம் கொடுத்தோம். வகுப்பறையைத் தருவதாகவும் செவிலியர் முதல் அரை மணி நேரம் இருப்பார் என்றும் போன வாரம் பதில் வந்திருக்கிறது. முதல் கூட்டம் வரும் சனிக்கிழமை. இடையில் நின்றுபோன மூவரையும் அழைத்திருக்கிறோம். கூட்டலுக்கு மகனைக் கேட்பவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு இதன் கீழேயே எழுதுகிறேன்.